.44 மேக்னமா, .45 ஏ.சி.பி.யா? பெரிய விட்டக் கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் எதை எடுப்பது

நான்கு தோட்டாக்களை மேசைமேல் வரிசையாக நிற்க வைத்துப் பாருங்கள். .45 கோல்ட், .44 மேக்னம், .45 ஏ.சி.பி. (ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல்), 10 மி.மீ. ஆட்டோ. முதல் இரண்டும் சுழலும் சிலிண்டர் உள்ள ரிவால்வருக்கானவை, ஏறக்குறைய 41 மி.மீ. உயரம். பின்னிரண்டும் கைப்பிடிக்குள் மேகசின் உள்ள பிஸ்டலுக்கானவை, 32 மி.மீ. முனையில் இருக்கும் குண்டுகளின் விட்டத்தை அளந்தால், மிகத் தடித்ததற்கும் மிக ஒல்லியானதற்கும் இடையே ஏறக்குறைய 1.3 மி.மீ.தான் வித்தியாசம். ஆனாலும் இந்த ஒன்றே கால் மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு துப்பாக்கிப் பிரியர்கள் நூறு வருடமாகச் சண்டை போடுகிறார்கள்.

விட்டத்தை வைத்து இந்த வழக்கு தீராது என்பது என் எண்ணம். எது அதிகம் அடிக்கும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தத் துப்பாக்கியில் தேவைப்படும்போது குறைத்துச் சுட வழி இருக்கிறதா? முழு பலத்தில் வருடத்துக்குப் பத்துத் தோட்டா சுடுவோம். மிச்சமெல்லாம் பயிற்சி. அந்தப் பயிற்சியைக் கை தாங்குமா என்பதுதான் கடைசியில் வாங்கியதை வைத்திருப்பீர்களா விற்பீர்களா என்று முடிவு செய்கிறது. (உரிமம், அனுமதிக்கப்பட்ட விட்டம் எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். அதை முதலில் பார்த்துவிடுங்கள். இங்கே தோட்டாவை மட்டும் பேசுகிறேன்.)

பெயரில் இருக்கும் எண்ணை நம்பிவிடாதீர்கள். அங்குலத்தின் பின்னம் என்றுதான் அது எழுதப்படுகிறது, ஆனால் .44 மேக்னம் குண்டின் உண்மையான விட்டம் .429 அங்குலம். 43 என்று சொன்னால்தான் பொருத்தம். பழைய காலத்தில் குண்டும், வெடிமருந்தை அடக்கிய உலோக உறையும் வெளிப்புறத்தில் ஒரே அளவாக இருந்தன. 1870களின் தொடக்கத்தில் ரஷ்யப் படைக்காக ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் செய்து கொடுத்த .44 ரஷ்யனில் குண்டு உறைக்குள் இறங்கி உட்கார்ந்தது. குண்டு மெலிந்தது, பெயர் மெலியவில்லை. .45 கோல்ட், .45 ஏ.சி.பி. இரண்டும் இன்று .451, .452 அங்குலத்தில் வருகின்றன. 10 மி.மீ. என்பது .400 அங்குலம், அதாவது 10.16 மி.மீ. குடும்பத்திலேயே பெயருக்கு உண்மையாக நடந்துகொண்டது .41 மேக்னம்தான். .410 அங்குலம் என்று சொல்லி .410 அங்குலமே கொடுத்தது. பாவம், அதைத்தான் யாரும் வாங்கவில்லை.

விட்டத்தைவிடப் பெரிய பிரிவினை உறையின் அடிப்பகுதியில் இருக்கிறது. ரிவால்வர் தோட்டாவின் அடியில் ஆணித்தலை மாதிரி ஒரு விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சிலிண்டருக்குள் எவ்வளவு இறங்க வேண்டும் என்று தோட்டாவை நிறுத்துவது அந்த விளிம்பு. சுட்டபின் உறைகளை வெளியே தள்ளுவதற்கும் அதுவே பிடி. பிஸ்டலின் மேகசினுக்குள் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதால் விளிம்பு இருந்தால் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும். அதனால் பிஸ்டல் தோட்டாவில் விளிம்புக்குப் பதில் ஒரு பள்ளம். தோட்டா அறைக்குள் அதை நிறுத்துவது உறையின் வாய்.

இது ஏதோ பட்டறை விவரம் என்று தள்ளிவிடாதீர்கள். இதிலிருந்துதான் இரண்டு தரப்பின் வியாதிகளும் கிளம்புகின்றன. கனமான ரிவால்வர் தோட்டாவைச் சுடும்போது துப்பாக்கி பின்னால் துள்ளுகிறது. சிலிண்டரில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களின் உறைகளும் சேர்ந்து பின்னால் போகின்றன. ஆனால் குண்டுகளோ இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கின்றன. உறையின் வாயை இறுக்கமாக மடித்திருக்காவிட்டால், நாலாவது ஐந்தாவது சுடுதலில் ஒரு குண்டு உறையைவிட்டு முன்னால் நகர்ந்து சிலிண்டருக்கு வெளியே எட்டிப் பார்க்கும். அப்புறம் சிலிண்டர் சுழலாது. 'ரிவால்வர் மாட்டவே மாட்டாது' என்பவர்கள் பெரும்பாலும் மெல்லிய தோட்டா சுட்டவர்கள். பிஸ்டலில் நடப்பது இதற்கு நேர் எதிர். மேகசினிலிருந்து ஏறும் தோட்டாவின் மூக்கு சரிவில் இடிக்கும்போது குண்டு உறைக்குள் அமுங்கலாம். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். அதே தோட்டாவை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

இன்னொரு வித்தியாசம்தான் என் வாதத்துக்கு முக்கியம். ரிவால்வரைச் சுழற்றுவது உங்கள் விரல். உள்ளே இருப்பது பலமா பலவீனமா என்று அதற்குக் கவலையில்லை. பிஸ்டலை இயக்குவது தோட்டாவின் பலம். பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடு முழுதாகப் பின்னால் போய், காலி உறையைத் தூக்கி எறிந்து, புதியதை எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். பலம் குறைந்தால் பாதியில் நின்றுவிடும், அதிகமானால் ஸ்லைடும் சட்டமும் அடி வாங்கும். ஆக ரிவால்வரில் ஏறவும் இறங்கவும் படிக்கட்டு இருக்கிறது. பிஸ்டலில் இருப்பது ஒரு குறுகிய திண்ணை.

சரி, ரிவால்வர் ஜோடிக்கு வருவோம்.

.45 கோல்ட் 1873ஆம் ஆண்டின் கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரோடு அமெரிக்கப் படைக்குள் போனது. கரிமருந்துக் காலத்துத் தோட்டா. 255 கிரெயின் குண்டை (பதினைந்தரை கிரெயின் ஒரு கிராம், ஆக 16.5 கிராம்) விநாடிக்கு 860 அடி வேகத்தில் அனுப்புகிறது. ஆற்றல் 570 ஜூல் அளவுக்கு வரும். அமெரிக்கத் தோட்டாத் தர அமைப்பு இதற்கு விதித்த உச்ச அழுத்தம் 14,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). கார் டயரில் முப்பது சொச்சம் இருக்கும் என்பதை நினைத்தால் இது பயங்கரம், ஆனால் துப்பாக்கி உலகில் இது சாது. .44 மேக்னத்துக்கு அதே வரம்பு 36,000.

இதை 'லாங் கோல்ட்' என்று பலர் சொல்வார்கள். கேட்டால் சிலருக்குக் கோபம் வரும், 'ஷார்ட் கோல்ட் என்று ஒன்று இருந்ததா' என்று. பெயர் வந்த வழி வேறு. அதே படை ஸ்கோஃபீல்டு என்ற இன்னொரு ரிவால்வரையும் வாங்கியது. அதன் .45 தோட்டா குட்டை. குட்டை நீளத்தில் போகும், நீளம் குட்டையில் போகாது. இரண்டையும் ஒரே படையில் வைத்துக்கொண்டால் என்ன குழப்பம் வரும் என்று யோசித்துப் பாருங்கள். 'நீளமானதைக் கொடு' என்று கேட்டு வாங்கத்தானே வேண்டும்.

.44 மேக்னம் பிறந்ததே .45 கோல்ட்டின் குறையால்தான். எல்மர் கீத் என்ற வேட்டைக்காரர் எழுத்தாளர் .45 கோல்ட்டில் மருந்தை ஏற்றி ஏற்றிப் பார்த்து, ரிவால்வர் வெடித்த அனுபவத்துக்குப் பிறகு .44 ஸ்பெஷல் என்ற பழைய, சாதுவான தோட்டாவின் பக்கம் போனார். காரணம் எளிய கணக்கு. சிலிண்டரின் வெளி அளவு ஒன்றுதான். அதில் ஆறு துளை போட வேண்டும். துளை சிறிதானால் சுவர் தடிக்கும், தடித்த சுவர் அதிக அழுத்தம் தாங்கும். .44க்கும் .45க்கும் இடையிலான அந்தச் சின்ன வித்தியாசம் குண்டு போய்ப் படும் இடத்தில் ஒன்றும் செய்வதில்லை. சிலிண்டரில்தான் வேலை செய்கிறது. கீத் பல வருடம் நச்சரித்த பிறகு ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் ரெமிங்டனும் சேர்ந்து 1955 கடைசியில் .44 மேக்னத்தை முடித்தன. உறையை .44 ஸ்பெஷலைவிட 3 மி.மீ. நீளமாக்கினார்கள். மருந்துக்கு இடம் போதாமல் அல்ல. பழைய ஸ்பெஷல் ரிவால்வர்களுக்குள் இந்தப் புதிய பூதம் தவறிக்கூட நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக.

அந்த 3 மி.மீ.யில்தான் வாங்குபவருக்கு லாபம். நீளமான அறையில் குட்டையான தோட்டா தாராளமாகப் போகும். .44 மேக்னம் ரிவால்வர் வாங்கினால் இரண்டு துப்பாக்கி வாங்கிய மாதிரி. 240 கிரெயின் குண்டை விநாடிக்கு 1,350 அடியில் அனுப்பி 1,300 ஜூல் காட்டும் முழு மேக்னமும் அதில் சுடலாம். 246 கிரெயினை 755 அடியில், 420 ஜூலில் மெதுவாகத் தள்ளும் 1907 காலத்து ஸ்பெஷலும் சுடலாம். பின்னது .45 ஏ.சி.பி.யைவிடக் கொஞ்சம் சாந்தமானது. ஒன்றரைக் கிலோவை நெருங்கும் ரிவால்வரில் அதைச் சுடுவது சுகமான வேலை. குறை ஒன்று உண்டு: குட்டைத் தோட்டாவை நிறையச் சுட்டால் அறையின் முன்பகுதியில் கரி வளையமாகப் படியும். தேய்த்து எடுக்காமல் விட்டால் மேக்னம் உறை உள்ளே போக அடம்பிடிக்கும். சுத்தம் செய்யச் சோம்பல்படாதவருக்கு இது குறையே இல்லை.

.45 கோல்ட்டிலும் படிக்கட்டு இருக்கிறது, ஆனால் கைப்பிடிச் சுவர் இல்லாத படிக்கட்டு. ரூகர் பிளாக்ஹாக் போன்ற தடித்த ரிவால்வர்களுக்கென்று, பழைய வரம்பைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் .45 கோல்ட் தோட்டாக்கள் விற்கிறார்கள். அவை .44 மேக்னத்துக்கு நிகராக நிற்கும், அதுவும் குறைந்த அழுத்தத்தில், கனமான குண்டோடு. நல்லதுதான். ஆனால் உறையின் நீளம் மாறவில்லை. 1873 வடிவத்தில் செய்த மெல்லிய சிலிண்டருக்குள்ளும் அதே தோட்டா அழகாக உட்காரும். சுட்டால் சிலிண்டர் பிளக்கலாம். தடுப்பது பெட்டிமேல் இருக்கும் சின்ன எழுத்து மட்டும். வீட்டில் இரண்டு வகை .45 கோல்ட் ரிவால்வரும் இருப்பவர், பலத்த தோட்டாவை வாங்காமலே இருப்பது நல்லது என்பேன். கீத் கோஷ்டி உறையை நீட்டி வைத்த புத்திசாலித்தனம் இங்கே இல்லை.

நீண்ட துப்பாக்கியோடு ஜோடி சேர்க்க நினைத்தால் இன்னொரு வேடிக்கை. பழைய கௌபாய் படங்களில் இடுப்பில் .45 கோல்ட், குதிரைமேல் வின்செஸ்டர், இரண்டுக்கும் ஒரே தோட்டா என்பது போலக் காட்டுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் வின்செஸ்டர் நிறுவனம் .45 கோல்ட்டுக்கு ரைஃபிள் செய்யவே இல்லை. அந்தக் காலத்து உறையின் விளிம்பு மிகச் சிறியது, உறையை இழுத்தெடுக்கும் ரைஃபிளின் கொக்கிக்குப் பிடி கிடைக்காது. ஒரே தோட்டா வேண்டும் என்றவர்கள் .44-40 வாங்கினார்கள். இன்றைய உறைகளில் அந்தக் குறை தீர்ந்துவிட்டது. .44 மேக்னம், .45 கோல்ட் இரண்டுக்கும் நெம்புகோலை அசைத்துத் தோட்டா ஏற்றும் லீவர் ரைஃபிள் கிடைக்கிறது. .44 மேக்னம் நீண்ட குழலில் விநாடிக்குச் சில நூறு அடி கூடுதலாகப் பெறும். மருந்து எரிய நேரம் கிடைக்கிறதே.

.41 மேக்னத்தை ஒரு வரியில் முடிக்கலாம்: 1964இல் போலீஸுக்கும் வேட்டைக்கும் நடுவில் நிற்க வந்தது, போலீஸ் கனம் என்றது, வேட்டைக்காரன் ஏற்கெனவே .44 வைத்திருந்தான். தோட்டாவில் குறை எதுவும் கிடையாது. கடையில் கிடைப்பதுதான் கஷ்டம். இதற்குக் கீழே இறங்கப் பரவலான ஒரு குட்டைத் தோட்டாவும் இல்லை. அதனால் என் கணக்கில் வெளியே.

பிஸ்டல் பக்கம் போட்டி இன்னும் சுவாரசியமானது. .45 ஏ.சி.பி. ஒரு தோல்வியின் பிள்ளை. பிலிப்பைன்ஸ் போரில் அமெரிக்கப் படையிடம் இருந்த .38 லாங் கோல்ட் ரிவால்வர்கள் எதிர்பார்த்த வேலையைச் செய்யவில்லை. 1904இல் தாம்ஸன், லகார்ட் என்ற இரண்டு அதிகாரிகள் சோதனைகள் நடத்தி, படைத் துப்பாக்கி .45க்குக் குறையக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். இன்று அந்தச் சோதனையை எடுத்துப் பார்த்தால் விஞ்ஞானம் கொஞ்சம் தள்ளாடும், ஆனால் உத்தரவு நின்றது. ஜான் பிரவுனிங் தோட்டாவையும் செய்தார், பிஸ்டலையும் செய்தார். 1911இல் படை எடுத்துக்கொண்ட அது 1985 வரை அதன் முதன்மைப் பிஸ்டலாக இருந்தது. 230 கிரெயின் குண்டு, விநாடிக்கு 850 அடி அளவு, 21,000 பி.எஸ்.ஐ., 500 ஜூல். கிழட்டு .45 கோல்ட் செய்த வேலையை ஏறக்குறைய 10 மி.மீ. குட்டையான உறையில், புகையில்லா மருந்தின் தயவில் செய்து முடித்தார் பிரவுனிங். ஒலியின் வேகத்துக்குக் கீழே போவதால் குண்டு காற்றைக் கிழிக்கும் அந்தச் சுளீர் ஓசை இதில் இல்லை. உதைப்பும் 'தள்ளல்' மாதிரி வரும், 'அறை' மாதிரி இல்லை.

10 மி.மீ. ஆட்டோ 1983இல் வந்தது. துப்பாக்கிப் பயிற்சியாளரும் எழுத்தாளருமான ஜெஃப் கூப்பரின் யோசனை. தட்டையாகப் பறக்க வேண்டும், தூரத்திலும் பலம் மிஞ்ச வேண்டும். சுவீடனின் நார்மா நிறுவனம் செய்த முதல் தோட்டா 200 கிரெயினை 1,200 அடியில் அனுப்பியது. அழுத்த வரம்பு 37,500 பி.எஸ்.ஐ., ஆற்றல் 870 ஜூல் அருகே. .45 ஏ.சி.பி.யைவிட முக்கால் பங்கு அதிகம். அதற்காகவே செய்த பிரென் டென் பிஸ்டல் மேகசின் இல்லாமல் வாங்கியவர் கைக்கு வந்தது. காலி மேகசினுக்காக ஆள் காத்திருக்க, நிறுவனம் 1986இல் மூடிக்கொண்டது. அடுத்த வருடம் கோல்ட் நிறுவனம் டெல்டா எலீட் என்று தன் பழைய பிஸ்டலையே 10 மி.மீ.க்கு மாற்றி வெளியிட்டிருக்காவிட்டால் இந்தத் தோட்டா அன்றே அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கும்.

அப்புறம் வந்தது எஃப்.பி.ஐ. 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு ஏஜெண்டுகள் இறந்தார்கள். விசாரணைக்குப் பிறகு அந்த அமைப்பு 10 மி.மீ. பக்கம் சாய்ந்தது. ஆனால் முழு பலம் தேவையில்லை என்று, 180 கிரெயினை 950 அடிக்குப் பக்கத்தில் ஓடவிடும் மென்மையான தோட்டாவைக் கேட்டது. உறைக்குள் பாதி காலி. இவ்வளவு காலி இடம் எதற்கு என்று ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வின்செஸ்டரும் உறையை வெட்டிக் குட்டையாக்கின. 1990இல் .40 எஸ் அண்ட் டபிள்யூ பிறந்தது. 9 மி.மீ. பிஸ்டலின் அளவுக்குள்ளேயே அடங்கியதால் பிள்ளை தகப்பனை ஓரங்கட்டிவிட்டது. கால் நூற்றாண்டுக்குப் பிறகு எஃப்.பி.ஐ. 9 மி.மீ.க்கே திரும்பியது, .40யின் சந்தை சரிந்தது, வேட்டைக்காரர்கள் கையில் 10 மி.மீ. மறுபடி எழுந்தது. கிரீன்லாந்தில் நாய்வண்டியில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியஸ் படையினர் பனிக்கரடிக்கு எதிராக வைத்திருப்பது 10 மி.மீ. க்ளாக் 20தான்.

அப்படியென்றால் 10 மி.மீ. தான் வெற்றியா? பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். 10 மி.மீ. என்று அச்சிட்ட பல தோட்டாக்கள் 180 கிரெயினை 1,030 அடியில்தான் அனுப்புகின்றன. ஆற்றல் 575 ஜூல். .40யின் வேலையை நீளமான சட்டையில் செய்கின்றன. இதை ஏமாற்று என்று திட்டுபவர்கள் உண்டு. எனக்கு இது வரம். பிஸ்டலில் படிக்கட்டு இல்லை என்று மேலே சொன்னேனே, 10 மி.மீ.யில் மட்டும் இரண்டு மூன்று படிகள் இருக்கின்றன. நல்ல பிஸ்டல் இந்த மென்மையானதையும் இயக்கும், காட்டுக்குப் போகும்போது முழு பலத்தையும் தாங்கும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: .40 தோட்டாவை 10 மி.மீ. பிஸ்டலில் போட்டுச் சுடுவது. விட்டம் ஒன்றுதான், போய் உட்காரும், சில நேரம் குண்டு சுடப்படவும் செய்யும். ஆனால் உறையின் வாய் அறையின் முனையைத் தொடாது. தோட்டாவைப் பிடித்திருப்பது கொக்கி மட்டுமே. ரிவால்வரில் சரியாக இருக்கும் 'குட்டை நீளத்தில் போகும்' விதி இங்கே செல்லாது, ஏனென்றால் இங்கே விளிம்பு இல்லை.

.45 ஏ.சி.பி.க்குச் சாதகமாக இரண்டு விஷயம். இது ஏற்கெனவே கீழ்ப்படியில்தான் நிற்கிறது, இறங்கத் தேவையில்லை. அழுத்தம் குறைவு என்பதால் துப்பாக்கி நீண்ட நாள் உழைக்கும். இந்த நால்வரில் கடைகளில் அதிகம் புழங்குவதும் இதுதான், அதனால் பயிற்சிச் செலவு பெரும்பாலும் இதில்தான் குறைவு. கைப்பிடி விஷயத்தில் இரண்டும் சமம். தோட்டாவின் மொத்த நீளம் ஒன்றுதான் என்பதால் கைப்பிடியின் முன்பின் அகலமும் ஒன்றே. சிறிய கை உள்ளவர் ஒற்றை அடுக்கு மேகசின் உள்ள 1911 வகையைப் பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். இந்தக் கை அளவுப் பிரச்சினையைத் தீர்க்க 2003இல் க்ளாக் .45 ஜி.ஏ.பி. என்று உறையைக் குட்டையாக்கிப் பார்த்தது. சில அமெரிக்க மாநிலப் போலீஸ் வாங்கின, பிறகு விட்டுவிட்டன. தீர்வு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதற்குள் எல்லோரும் 9 மி.மீ.க்கு நடந்துவிட்டார்கள்.

வேலி தாண்டியவர்களையும் பார்க்க வேண்டும். முதல் உலகப் போரில் பிஸ்டல் போதாமல் அமெரிக்கப் படை .45 ஏ.சி.பி.யைச் சுடும் ரிவால்வர்களை வாங்கியது. விளிம்பு இல்லாத தோட்டாவை எப்படிப் பிடிப்பது? அரைநிலா வடிவில் மெல்லிய தகடு. ஒரு தகட்டில் மூன்று தோட்டா. இன்று முழுநிலா, ஆறும் ஒன்றாக. அந்தச் சமாளிப்பு பிறகு ஒரு பெரிய வசதியாகிவிட்டது. ஆறு தோட்டாவையும் ஒரே கையசைவில் போடலாம், ஒரே தள்ளலில் எடுக்கலாம். 1999இல் வேகச் சுடுதலில் பேர்போன ஜெரி மிகுலெக் ஆறு சுட்டு, மாற்றிப் போட்டு, இன்னும் ஆறு சுட்டதை 2.99 விநாடியில் முடித்தார். கையில் இருந்தது .45 ஏ.சி.பி. ரிவால்வர். விளிம்புள்ள தோட்டாவில் அதைச் செய்து பாருங்கள்! 10 மி.மீ.க்கும் இப்படித் தகடு போடும் ரிவால்வர்கள் உண்டு. அங்கே தோட்டாவை நிறுத்துவது தகடு என்பதால், தயாரிப்பாளர் அனுமதிக்கும் ரிவால்வர்களில் .40யையும் தாராளமாகச் சுடலாம்.

எதிர்த் திசையில் தாண்டியது டெசர்ட் ஈகிள். .44 மேக்னத்தை, விளிம்போடு, பிஸ்டல் மேகசினில் அடுக்கிய துணிச்சல். ரைஃபிள் போல வாயுவில் இயங்குகிறது, எடை இரண்டு கிலோவுக்குப் பக்கம். படங்களில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் .44 ஸ்பெஷலைப் போட்டால் இயங்காது. மறைப்பில்லாத ஈயக் குண்டு போட்டால் வாயுத் துளை அடைபடும். .44 மேக்னத்தின் மிகப் பெரிய நன்மையைக் கழற்றி வைத்துவிட்டு அதன் கனத்தை மட்டும் வாங்குவது போல. அதன் அண்ணன் .50 ஆக்‌ஷன் எக்ஸ்பிரஸ் இன்னும் மோசம்: இறங்கிப் போக ஒரு படியும் இல்லை.

இதற்கும் மேலே ஒரு மாடி இருக்கிறது. .454 கசுல், .460, .500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். 65,000 பி.எஸ்.ஐ. வரை போகும் தோட்டாக்கள், ரைஃபிள் அழுத்தம். பெரிய விலங்கு வேட்டையாடாதவருக்கு இங்கே வேலை இல்லை. வேட்டையாடுபவருக்கும் .500ஐவிட .454 அல்லது .460 என்பேன், காரணம் அதேதான்: இரண்டும் .45 கோல்ட்டையும் சுடும். .460 ரிவால்வர் மூன்று படிகளுள்ள வீடு. சாத்வீகமான .45 கோல்ட் வாங்க ஆசைப்பட்டு, எதிர்காலத்தை நினைத்துக் குழம்புபவருக்கு .454 ஒரு மறைமுக விடை. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலிருக்கும் இடைவெளிப் பக்கம் மட்டும் விரலைக் கொண்டுபோகாதீர்கள். எந்த ரிவால்வரிலும் அங்கிருந்து வாயு பீய்ச்சும். இவற்றில் அது விரலைப் பதம் பார்த்துவிடும்.

உதைப்பை எண்ணில் சொல்லிப் பார்க்கிறேன். குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கினால் கைக்கு வரும் உந்தம் கிடைக்கும். .45 ஏ.சி.பி.யை 1 என்று வைத்தால் .44 ஸ்பெஷல் 0.95, .45 கோல்ட் 1.1, முழு பல 10 மி.மீ. 1.2, .44 மேக்னம் 1.66, .500 மூன்றரைக்குப் பக்கம். 1.66 தானே என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே எடைத் துப்பாக்கியில் உதைப்பின் ஆற்றல் இதன் இருமடிப்படி ஏறும், ஆக இரண்டே முக்கால் மடங்கு. மருந்துப் புகையின் தள்ளலை இன்னும் சேர்க்கவில்லை. இதனால்தான் புதிதாக .44 வாங்கியவர் முதல் பெட்டியையே மேக்னமாக வாங்கினால், பாதியில் விசையை அழுத்தும் முன்னே கண் மூடக் கற்றுக்கொள்கிறார். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் உதிர மாதங்கள் ஆகும்.

பெட்டியில் அச்சிட்ட வேகத்தையும் ஒரு சிட்டிகை உப்போடு எடுங்கள். சோதனைக் குழல் நீளமாக இருக்கும். .44 மேக்னத்தை 4 அங்குலக் குழலில் சுட்டால் விநாடிக்கு நூறு அடிக்கு மேல் காணாமல் போகும். இன்னொன்று, பிஸ்டலின் குழல் நீளத்தில் தோட்டா அறையும் சேர்த்தி, ரிவால்வரில் அறை சிலிண்டரில் இருப்பதால் சேராது. 4 அங்குலமும் 4 அங்குலமும் ஒன்றல்ல.

ஒரே ஒரு துப்பாக்கிதான் என்றால் என் வோட்டு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 629 மாதிரியான இரட்டை இயக்க (விசையை இழுத்தாலே சுத்தியலும் ஏறும்) .44 மேக்னம் ரிவால்வருக்கு, 6 அங்குலக் குழலோடு. முதல் ஆறு மாதத்துக்கு மேக்னம் பெட்டியைத் தொடாமல் ஸ்பெஷல் மட்டும். பிஸ்டல்தான் வேண்டும், காட்டுக்குப் போகமாட்டேன் என்றால் .45 ஏ.சி.பி. கரடி இருக்கும் காட்டில் நடப்பவர் பதினைந்து தோட்டா கொள்ளும் 10 மி.மீ. எடுக்கலாம், இலக்குப் பயிற்சியை மென்மையான பெட்டியில் செய்துகொண்டு. எந்த முடிவுக்கும் வர முடியாமல் தவிப்பவருக்கு ஒரு குறும்பான வழியும் இருக்கிறது: ரூகர் பிளாக்ஹாக்கில் கழற்றி மாற்றும் இரண்டு சிலிண்டரோடு ஒரு வகை விற்கிறார்கள். ஒன்று .45 கோல்ட்டுக்கு, மற்றது .45 ஏ.சி.பி.க்கு. 1873உம் 1911உம் ஒரே குழலில். காலி உறையை ஒவ்வொன்றாகக் குச்சியால் தள்ளி எடுக்கும் பொறுமை மட்டும் வேண்டும்.